தோய்த்தால் நிற்குமா? வன்னியில் ஒரு கிறயோன் துணி வேலை: நிகழ்வு ஆய்வு

நடந்தது

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் ஏ35 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற ஒரு கிராமம். அங்கே மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கிறயோனை உருக்கித் துணியில் படம் போடும் வேலையைத் தொடங்கினார்கள். வவுனியாவில் ஒரு வீட்டுக்காரர் குடிபூரலுக்கென்று எடுத்த குஷன் உறைகள் அத்தனையும் திரும்பி வந்தன. அதே ஆட்கள் அதே கிறயோனையும் அதே ஸ்டென்சிலையும் (படத்தை வெட்டியெடுத்த அச்சு) வைத்துச் செய்த சுவர்த்துணிகளோ ஒரு முறைப்பாடும் இல்லாமல் விற்றுப்போயின. ஒன்று ஏன் திரும்பியது, மற்றது ஏன் நின்றது என்று பார்ப்பதற்காக எழுதியது இது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். வேலையின் விவரம் எதையும் விடவில்லை.

தொடக்கம் முன்பள்ளியில். எந்த முன்பள்ளிக்குப் போனாலும் உடைந்த கிறயோன் துண்டுகள் ஒரு பேணி நிறையக் கிடக்கும். நகமளவுத் துண்டைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள், எறிய ரீச்சர்மாருக்கும் மனம் வராது. விளையாட்டு விழாவுக்குக் கொடி தேவைப்பட்டபோது ரீச்சர் அந்தத் துண்டுகளைச் சீவி, வெள்ளைத் துணியில் தூவி, மேலே கடதாசி வைத்து அயன் பண்ணினார். நிறம் பளிச்சென்று வந்தது. பார்த்த அம்மாமாருக்கு ஆசை வந்துவிட்டது. கொடி ஒரு நாள் காற்றில் ஆடிவிட்டு அலுமாரிக்குள் போகிற சாமான், அதை யாரும் தோய்ப்பதில்லை. குஷன் உறை அப்படியல்ல. இந்த வேறுபாடு அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. உறைக்கக் காரணமும் இல்லை, எல்லாருடைய கண்ணும் அந்த நிறத்தில் இருந்தது.

கைவேலை அவர்களுக்குப் புதிதல்ல. 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு வாழ்வாதார உதவியாகத் தையல் மெஷின் கிடைத்த வீடுகள் அங்கே பல. இரண்டு பேர் கார்மென்ட்ஸில் வேலை பார்த்து வந்தவர்கள். தையல் சுத்தமாக இருக்கும், அளவு பிசகாது. இல்லாதது நிறமும் படமும்தான். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் 'பற்றிக்' வேலை செய்வோமா என்று முன்பு ஒரு பேச்சு வந்து, சாயம், சோடா, பெரிய அண்டா, மெழுகு என்று முதல் போட ஆளில்லாமல் நின்றுபோனது. சாயத்தண்ணியைக் கிணற்றடியில் ஊற்றலாமா என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இருக்கவில்லை. 2020இல் பற்றிக்குக்கும் கைத்தறிக்கும் என்று கொழும்பில் தனி இராஜாங்க அமைச்சே வந்தது. அமைச்சு வந்த கையோடு சாயப்பெட்டி குசினிக்குள் வந்துவிடாதுதானே. கிறயோன் அப்படியில்லை. கொப்பி விற்கிற எந்தக் கடையிலும் கிடக்கும். அயன்பெட்டியும் பழைய கடதாசியும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

கிறயோனுக்குள் இருப்பது

திரும்பி வந்த உறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கிறயோன் பெரும்பாலும் பரஃபின் மெழுகு, அதாவது பெற்றோலிய எண்ணெயிலிருந்து எடுக்கிற மெழுகு. அதற்குள் நிறப்பொடியைக் கலந்து குச்சியாக வார்த்திருக்கிறார்கள். பரஃபின் மெழுகு அதன் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 46 முதல் 68 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். அமெரிக்காவில் 1903இல் கிரயோலாவின் முதல் பெட்டி 8 நிறங்களோடு 5 சதத்துக்கு வந்தபோது, அது பள்ளிப் பிள்ளைகள் கடதாசியில் தேய்ப்பதற்கென்று செய்த பொருள். கடதாசியை யாரும் சவர்க்காரம் போட்டுத் தோய்ப்பதில்லை.

அந்த நிறப்பொடி நூலோடு சேர்வதில்லை. நூல் இழைகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்து வைத்திருப்பது மெழுகு. மெழுகு போனால் பிடியும் தளரும். சாயத்தின் கதை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னார்க் கரையோரத்திலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டி எடுத்து, அதன் சிவப்பைத் துணியில் ஏற்றினார்கள். அந்த வேர்ச் சாயம் படிகாரம் போட்ட துணியில் நூலோடு பிணைந்து நிற்கும். அந்தக் காலத்துச் சிவப்புச் சேலை தோய்க்கத் தோய்க்க மங்காமல் இருந்தது அதனால்தான். கடையில் விற்கிற துணிப் பெயின்ற்றிலும் நிறப்பொடியை நூலில் ஒட்டவைக்கிற பசை உண்டு. கிறயோனில் அந்தப் பசையும் இல்லை, பிணைப்பும் இல்லை.

மெழுகு இருந்தால் நிறம் பளபளக்கும், ஆனால் சூட்டில் இளகி மற்றச் சாமானில் ஒட்டும். மெழுகை எடுத்தால் ஒட்டாது, ஆனால் நிறம் மங்கும், தோய்க்கத் தோய்க்க இன்னும் மங்கும். கிறயோன் துணி வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. எவ்வளவு மெழுகை விடுவது என்று முடிவு செய்யாமல் தொடங்கினால் துணி தன்பாட்டில் முடிவு செய்துவிடும்.

உறைகள் சொன்னது

வவுனியாவிலிருந்து வந்த முறைப்பாடு மூன்று. தோய்த்ததும் நிறம் வெளுத்துவிட்டது. செற்றியில் எண்ணெய்க் கறை மாதிரி ஏதோ ஊறியிருக்கிறது. எழுத்தின் விளிம்பு கலங்கியிருக்கிறது. அவர்கள் உறையை மெஷினில் வெந்நீர் விட்டுத் தோய்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் குழுவில் மூத்த அக்கா ஒருவர் சொன்னது: "அப்ப பிழை அவையிலதான், வெந்நீர் விடச் சொல்லி நாங்கள் சொன்னனாங்களே?" நியாயம்தான். ஆனால் வெந்நீர் விடவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே. உறையில் ஒரு துண்டுக் குறிப்புக்கூட இல்லை.

உறை ஒன்றை எடுத்து விரல் நகத்தால் கீறிப் பார்த்தோம். வெள்ளைக் கோடு விழுந்தது. துணியில் மெழுகு நிறைய மிச்சம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சோதனை வேண்டாம். அதே இடத்தில் வெறும் வெள்ளைக் கடதாசி வைத்துச் சூடான அயன்பெட்டியை வைத்ததும் கடதாசியில் எண்ணெய் வட்டம் படர்ந்தது. செற்றியில் ஊறியதும் இதே மெழுகுதான். வெயில் விழுகிற யன்னல் ஓரத்தில் செற்றி இருந்ததாம்.

மெழுகு ஏன் இவ்வளவு மிஞ்சியது? துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினோம். பருத்தி நூலானால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் உதிரும். பொலியெஸ்ரர் சுருங்கி, நுனியில் கறுப்பாக ஒரு மணி உருண்டு நிற்கும். இந்த நூல் இரண்டையும் காட்டியது. கடைக்காரர் 'ரீசி' என்று கொடுத்த கலப்புத் துணி. சுருங்காது, விலையும் குறைவு, தைக்க வழுவழுப்பாக இருக்கும் என்று வாங்கியது. கலப்புத் துணி கருகிவிடும் என்ற பயத்தில் அயன்பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்திருக்கிறார்கள். அயன்பெட்டியில் ஒரு புள்ளி 110 பாகை, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200 வரை. பருத்திக்கு மூன்று புள்ளி தாங்கும். ஒரு புள்ளியில் மெழுகு உருகும்தான், ஆனால் கடதாசி அதை முழுக்க உறிஞ்சும்வரை சூடு தொடர்ந்து நிற்காது. பொலியெஸ்ரர் நூல் மழமழவென்று இருப்பதால் நிறப்பொடி சிக்கிக்கொள்ள இடமும் குறைவு. அதோடு, துணி புதிது. கடையிலிருந்து வந்த கஞ்சியோடு அப்படியே போட்டிருக்கிறார்கள். கஞ்சி நூலை மூடிக்கொண்டு நிற்க, மெழுகு மேலாகவே படிந்தது.

ஆக, வெந்நீர் கடைசி அடி மட்டும்தான். வெந்நீர் இல்லாவிட்டாலும் இரண்டொரு தோய்ப்பில் இதே நிலைதான்.

கீழே வைத்த கடதாசியாலும் ஒரு கோளாறு. பழைய பத்திரிகையை விரித்து அதன் மேல் துணியை வைத்து அயன் பண்ணியிருந்தார்கள். அச்சு மையில் எண்ணெய் உண்டு, மெழுகும் சூடும் சேர்ந்து அதை இளக்கித் துணியில் ஏற்றிவிடும். ஒரு உறையின் உட்பக்கத்தில் 'நெல் கொள்வனவு' என்ற தலைப்பு கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாகப் பதிந்திருந்தது. சிரித்துவிட்டு, அன்றிலிருந்து வெறும் கடதாசி என்று முடிவு செய்தார்கள். சீமெந்துப் பையின் உள்தாள், பிறவுன் பேப்பர், எழுதாத கொப்பித்தாள் எல்லாம் சரிவரும். சீமெந்துத் தாளைத் தட்டிய பிறகும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்டென்சில்: எழுத்தின் வயிறு

வெளிநாட்டு வீடியோக்களில் ஃபிரீசர் பேப்பர் என்று ஒன்று காட்டுவார்கள். ஒரு பக்கம் பிளாஸ்ரிக் பூசியிருக்கும், வெட்டிய அச்சை அந்தப் பக்கத்தால் துணியில் வைத்து மெல்ல அயன் பண்ணினால் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் உரித்தெடுக்கலாம், விளிம்பில் ஒன்றும் கசியாது. முல்லைத்தீவில் அதற்கு எங்கே போவது? ஏ4 தாள் கட்டு சுற்றி வருகிற உறையில் பல, உட்புறம் பிளாஸ்ரிக் பூசியவை. அதை வெட்டி வைத்துப் பார்த்தபோது ஏறத்தாழ அதே மாதிரி ஒட்டியது. பள்ளிக்கூடங்களிலும் பிரதேச செயலகத்திலும் கேட்டால் கிடைக்கும், குப்பைக்குப் போகிற சாமான். எல்லா உறையும் அப்படி இல்லை. கிழித்துப் பார்த்தால் உட்பக்கம் மெல்லிய படலமாக இழுபடுகிறதா என்று தெரியும்.

திரும்பத் திரும்பப் பாவிக்க உறுதியான அச்சு வேண்டும். அதற்குப் பழைய எக்ஸ்ரே படம் நல்லது. பிளேட்டுக்கு இசைந்து கொடுக்கும், விளிம்பு பிசிறாது, மெழுகு ஒட்டினாலும் துடைத்துவிடலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு எக்ஸ்ரே இருக்கும், கொண்டு வாருங்கள் என்று சொன்னபோது பலர் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா தன்னுடையதைக் கொடுக்க மறுத்தார். இடுப்புக்குள் ஷெல் துண்டு இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும் என்றார். எம்ஆர்ஐ ஸ்கான் எடுப்பதற்கு முன் உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்பார்கள், அப்போது அந்தப் படம் கையில் இருக்க வேண்டும். 2009க்குப் பிறகு வன்னியில் எக்ஸ்ரே படம் என்பது பல வீடுகளில் அடையாள அட்டையோடு வைக்கிற சாமான். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'பழைய எக்ஸ்ரே' என்று கேட்டு வாங்குவது சரியல்ல. அதற்குப் பிறகு, நன்றாகத் தேறிய சளி இருமல் படங்களை, வீட்டுக்காரரே வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எடுத்தார்கள். மிச்சத்துக்குப் பால்மாப் பெட்டி மட்டையும் பிளாஸ்ரிக் ஃபைல் மட்டையும். ஃபைல் மட்டை சூட்டில் சுருங்கும், அச்சைத் தூக்கிவிட்டுத்தான் அயன்பெட்டியை வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தை ஸ்டென்சிலாக வெட்டுவது பூ வெட்டுவதைப் போலச் சுலபமில்லை. ப, ட, ய மூன்றும் திறந்த எழுத்து, கோட்டோடு வெட்டிக்கொண்டே போகலாம். வ, ல, க, ன, ண எல்லாம் சுழித்து மூடுகிறவை. மூடிய வயிற்றை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், துணியில் நிறக்கட்டி ஒன்றுதான் மிஞ்சும். வவுனியா வீட்டுக்காரர் உறைகளில் கேட்டதோ 'வன்னி' என்ற சொல். மூன்று எழுத்துக்கும் வயிறு. குழுவில் எழுத்து வெட்டுகிற தங்கச்சி முதலில் கழன்ற துண்டுகளைத் தனித்தனியாக ஒட்டி வைத்து வேலை செய்திருக்கிறார். அவை அசைந்ததுதான் விளிம்பு கலங்கியதற்கு ஒரு காரணம். பிறகு சுழிக்கும் வெளிக்கும் இடையில் மெல்லிய பாலம் விட்டு வெட்டப் பழகினார். பாலம் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பிய்ந்துவிடும், இரண்டைத் தாண்டினால் எழுத்தே உடைந்த மாதிரித் தெரியும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வருகிற எழுத்துகளில் சுழிக்குச் சுழி பாலம் வேண்டும். பேசாமல் கொம்பில்லாத சொல்லாகத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. 'மயில்' என்ற சொல்லை வெட்டுவதைவிட மயிலையே வெட்டிவிடலாம் என்பது என் கட்சி.

மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தது

பருத்திப் பொப்லின், காடாத்துணி, ரீசி என்று மூன்று துணியில் ஒரே பனை அச்சை வைத்து, மூன்று விதமாக நிறம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கிணற்றடியில் பச்சைத்தண்ணியில் கல்லில் தோய்த்தார்கள், இன்னொன்றை வெந்நீரில் ஊறவைத்தார்கள், மூன்றாவதைத் தொடாமல் வைத்தார்கள்.

முதலாவது, அச்சின் வெட்டுக்குள் கிறயோனை நேரடியாக அழுத்தித் தேய்ப்பது. துணிக்குக் கீழே சான்ட்பேப்பர் வைத்துத் தேய்த்தால் நிறம் கூடுதலாகப் பிடிக்கும். பிறகு அச்சைத் தூக்கி, மேலும் கீழும் கடதாசி வைத்து, அயன்பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைப்பது. இழுத்தால் நிறமும் கூடவே இழுபடும். கடதாசியை மாற்றி மாற்றி, வட்டம் விழாமல் கடதாசி வெள்ளையாக வரும்வரை செய்வது. இது பார்வைக்கு மெல்லிய நிறம், பளபளப்பு இல்லை. ஆனால் விளிம்பு துல்லியம். பொப்லினிலும் காடாவிலும் பச்சைத்தண்ணியில் தோய்த்த பிறகும் பனை பனையாகவே நின்றது, கொஞ்சம் பழைய துணியின் சாயல் வந்தது. நீலமும் கறுப்பும் சிவப்பும் பரவாயில்லை. மஞ்சள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது, ரீச்சர் கொடியில் செய்த முறை. சீவலைத் தூவி, கடதாசி மூடி, உருக்குவது. முதல் பார்வைக்கு இதை வெல்ல ஒன்றும் இல்லை. நிறத்துக்குள் நிறம் கலந்து, எண்ணெய் மிதக்கும் மழைத்தண்ணி மாதிரி ஓடும். அந்த ஓட்டம்தான் சிக்கலும். உருகிய மெழுகு அச்சின் விளிம்புக்குக் கீழே நூல் வழியாகப் படர்ந்து, படத்தைச் சுற்றி மங்கலாக ஒரு எண்ணெய் ஓரம் விடும். தாள் கட்டு உறையை ஒட்டவைத்துச் செய்தபோது அது குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. மெழுகை முழுக்க எடுக்கப் போனால் அழகும் கூடப் போய்விட்டது. வவுனியா உறைகளில் பாதிக்குமேல் இந்த முறைதான்.

மூன்றாவது, பேணியில் உருக்கித் தூரிகையால் போடுவது. இதில்தான் பற்றிக்காரரின் அறிவு உதவும். உருகிய மெழுகைத் துணியில் வைத்ததும் அது நூலை நனைத்து, துணியின் மறுபக்கம் கண்ணாடித்தன்மையாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் திரண்டு மேலே உட்கார்ந்தால் சூடு போதவில்லை. கிறயோனைப் பேணியில் போட்டு, பேணியைக் கொதிக்கிற தண்ணிச் சட்டிக்குள் வைத்து உருக்கினால் 100 பாகையைத் தாண்டாது. பாதுகாப்பு, ஆனால் தூரிகை துணிக்குப் போவதற்குள் மெழுகு இறுகத் தொடங்கிவிடும். மெல்லிய பொப்லினில் சமாளிக்கலாம், தடித்த காடாவில் முடியாது. சிலர் பேணியை நேரே அடுப்பில் வைக்கப் பார்த்தார்கள். அது வேண்டவே வேண்டாம். கூடச் சூடேறினால் மெழுகு புகையும், புகை தொண்டையைக் கமறும், இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். மெழுகுத் தீயில் தண்ணி ஊற்றினால் தெறித்துக் கூரை வரை போகும், மூடியால் மூடித்தான் அணைக்க வேண்டும். ஓலையும் தகரமும் கலந்த குசினிகளில் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. பிள்ளைகளுக்குத் தேய்க்கிற வேலையை மட்டும் கொடுங்கள். உருக்கிய பேணியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், மிஞ்சிய மெழுகைத் தண்ணி போகிற குழாயில் ஊற்றவும் வேண்டாம்.

ரீசித் துணி மூன்று முறையிலும் தோற்றது. வெந்நீரில் ஊறவைத்தவை எல்லாத் துணியிலும் தோற்றன. இளகிய மெழுகு தண்ணியில் படலமாக மிதந்து, துணியை வெளியே எடுக்கும்போது படமில்லாத இடத்திலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிணற்றுத் தண்ணி உவர். கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரளும், அது மெழுகு மிச்சம் இருந்த இடத்தில் போய்ப் பிடித்துக்கொண்டது. நிறம் வெளுத்துவிட்டது என்று நினைத்த ஒரு துண்டைத் தேசிக்காய்ச்சாறு விட்ட தண்ணியில் அலசியபோது கசடு போய்ப் பாதி நிறம் திரும்பியது.

அயன்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில், ஒரு ஆச்சி பரணிலிருந்து இறக்கிய கரி அயன்பெட்டி அங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சிரட்டைக்கரி போட்டு ஊதினால் நல்ல சூடு. அதன் பாரமும் இந்த வேலைக்குத் தோதாக இருந்தது, கடதாசியைத் துணியோடு அமுக்கி மெழுகை வேகமாக உறிஞ்ச வைத்தது. சூடு எவ்வளவு என்று காட்டப் புள்ளி இல்லை. ஆச்சி ஒரு சொட்டுத் தண்ணி தெளித்துப் பார்ப்பார், உருண்டு ஓடினால் பொறு என்பார், சீறி உடனே வற்றினால் வை என்பார். பொறி பறக்காமல் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் சாம்பல் விழுந்தால் மெழுகோடு சேர்ந்து கறுத்துவிடும்.

மாற்றியது

குஷன் உறையை நிறுத்தினார்கள். தலையணை உறை, பிள்ளைகளின் ரீசேட், மேசை விரிப்பு எல்லாம் பட்டியலை விட்டுப் போயின. ரீசேட்டை நிறுத்துவதில் வாக்குவாதம் வந்தது. முன்பள்ளிக்கு இல்ல நிறத்தில் ரீசேட் என்றால் கட்டாயம் விற்கும், விளையாட்டு விழாவுக்கு ஒரு நாள்தானே போடுவார்கள் என்று ஒருவர். "ஒரு நாளோ? அதைப் பிள்ளை கிழியுமட்டும் போடும்" என்று இன்னொருவர். இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. ரீசேட்டுக்குத் துணிப் பெயின்ற் வாங்கி, அதே அச்சுகளைப் பாவிப்பதென்று முடிவாயிற்று. ஸ்டென்சில் வெட்டப் பழகியது வீணாகவில்லை.

கிறயோனுக்கு ஒதுக்கியது சுவர்த்துணி, யன்னல் மறைப்பு, வாழ்த்து மட்டையில் ஒட்டுகிற துணித்துண்டு, காடாத்துணிப் பை. சுவர்த்துணிக்குச் சீவல் முறை, மெழுகை அரைவாசி விட்டு வைப்பது. பைக்குத் தேய்க்கிற முறை மட்டும், கடதாசி வெள்ளையாக வரும்வரை. எல்லாத் துணியையும் முதலில் தோய்த்துக் கஞ்சி போக்கிவிட்டுத்தான் தொடங்குவது. நூல் கொளுத்திப் பார்க்காமல் துணி வாங்குவதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கிவருகிறார்கள்.

வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் பை கொண்டுபோய் விற்கலாம் என்ற யோசனை அந்தச் சமயம் வந்ததுதான். சனம் நெருக்கியடிக்கிற இடம், பை விற்காமல் என்ன செய்யும். அங்கேதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. பைகளோடு சில சுவர்த்துணிகளையும் மடித்து, பொலித்தீன் பைக்குள் அடுக்கி, தகரக் கூரைக் கடையின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். வைகாசி வெயில், கச்சான் காற்று. மத்தியானம் எடுத்தபோது பைகளுக்கு ஒன்றுமில்லை. சுவர்த்துணிகள் மடித்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் மயில் மற்றதன் முதுகில் பதிந்திருந்தது. பொலித்தீனுக்குள், தகரத்துக்குக் கீழே சூடு எந்தளவுக்கு ஏறியிருக்கும் என்று அதிலேயே தெரிந்தது. மெழுகை அரைவாசி விடுவதற்கான விலை இது. இப்போது சுவர்த்துணியை மடிப்பதில்லை. குழாய் மாதிரி உருட்டிய மட்டையில் சுற்றி, நடுவில் வெறும் கடதாசி வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

குறிப்புத் துண்டும் வந்துவிட்டது. ரீச்சர் எழுதிக் கொடுத்ததை அச்சடித்துப் பையில் தைக்கிறார்கள்: "பச்சைத்தண்ணியில் தனியாகத் தோய்க்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் காயவிடவும். அயன் பண்ணுவதென்றால் மறுபக்கத்தில், கடதாசி வைத்து." முதல் வரைவில் 'நிறம் போகாது' என்றும் ஒரு வரி இருந்தது. கார்மென்ட்ஸில் வேலை செய்த அக்காதான் அதை வெட்டச் சொன்னார். நிறம் போகும், மெல்லப் போகும். வாங்குகிறவருக்கு அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றார்.

தேன்மெழுகு சேர்த்துப் பார்க்கலாமா என்பது இப்போது ஓடுகிற பேச்சு. வன்னிக் காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் அடை மெழுகு கிடைக்கும். தேன்மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேல், பல பரஃபின் மெழுகுகளைவிட இளகத் தாமதிக்கும். துணியில் வெடிக்காமல் வளையும் என்று பற்றிக்காரரும் அதைப் பரஃபினோடு கலப்பார்கள். சுவர்த்துணியில் ஒட்டுவது அதனால் குறையக்கூடும், ஆனால் நிறம் கூடுதலாக நிற்கப்போவதில்லை. அதோடு காட்டுமெழுகின் மஞ்சள் வெளிர் நிறங்களைத் தின்றுவிடும். மயிலின் நீலத்தில் தெரியாது, வானத்தில் தெரியும். வானம் போடாத படமாகப் பார்த்து வெட்டித் தருவதாகத் தங்கச்சி சொல்லியிருக்கிறார். மாரி முடிந்து தேன் வந்ததும் காடாத்துணியில் முதல் துண்டு போடுவதாக இருக்கிறார்கள்.